கேட்டவருக்கு மட்டும் சொல்லாதீர்கள்

மாவட்ட, மாநில நிலைகளில் மாணவர் ரோபோட்டிக் போட்டிகளை நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுக்கும், நடுவர்களுக்கும்,

எந்தப் போட்டியின் முடிவையும் மாற்றச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. கோப்பை யாரிடம் போனதோ அவர்களிடமே இருக்கட்டும். அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கை வெளிவருமுன் விதிகளில் சில இடங்களை விளக்கி எழுதித் தாருங்கள், அந்த விளக்கம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் கிடைக்கச் செய்யுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையில், லோரியில் வந்து இறங்கும் குலைகளைத் தரம்பிரிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் படிக்கும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் ரோபோட்டிக் மன்றத்துக்குக் கூடமாட ஒத்தாசை செய்யும் பெற்றோர்களில் நானும் ஒருவன். ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கங்களிலும், வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரையிலும் இதே வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும் ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பேசியிருக்கிறேன். எல்லாரிடமும் இருந்தவை ஒரே கேள்விகள்தான். அதனால்தான் தனிக் கடிதமாக அனுப்பாமல் திறந்த மடலாக எழுதுகிறேன். தனியாகக் கேட்டால் தனியாகப் பதில் வரும். எங்கள் பிரச்சினையே அந்தப் பழக்கம்தான்.

விதி தெளிவாக இல்லையென்றால் எல்லாருக்கும்தானே சிரமம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஷா ஆலாமிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ உள்ள பெரிய பள்ளியின் பயிற்சியாளருக்கு ஏற்பாட்டுக் குழுவில் யாராவது தெரிந்தவர் இருப்பார். காலையில் ஒரு குரல்பதிவு அனுப்புவார். மாலைக்குள் பதில் வந்துவிடும். இதில் முறைகேடு ஒன்றுமில்லை. அவர் கேட்டார், இவர் சொன்னார். ஆனால் அந்தப் பதில் அவருடைய புலனக் குழுவைத் தாண்டுவதில்லை. எங்கள் பக்கத்து ஆசிரியர் யாரைக் கேட்பது என்று விசாரித்து, அந்த எண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் பதிவுக்கான கடைசி நாள் போய்விடும்.

பணமும் இதில் இருக்கிறது. ஒரு வரியை இரண்டு விதமாகப் படிக்க முடியுமென்றால், வசதியுள்ள பள்ளி இரண்டுக்கும் ஏற்றபடி இரண்டு ரோபோ செய்து கொண்டுவரும். ஒரே ஒரு ரோபோ தொகுப்பை வைத்திருக்கும் பள்ளி ஏதாவது ஒரு விதத்தை நம்பி, அதுவே சரியாக இருக்கவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. போட்டிக்கு ஏற்ற ஒரு புதிய தொகுப்பு அந்த ஒரு மாதச் சம்பளத்தை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பொங்கல் விழாவிலும் குடும்ப தினத்திலும் திரட்டும் பணத்தில்தான் அதை வாங்குகிறோம். வாங்கி, பழகி, பிள்ளைகள் நிரல் எழுதி முடித்தபின் மேசையருகில் நிற்கும் நடுவர் “இது செல்லாது” என்றால், அணியில் இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது?

தெளிவில்லாத விதி தோட்டத்துக்குப் புதிதில்லை. 1912-இல் வந்த தொழிலாளர் சட்டமும், பிறகு 1923-இல் வந்த சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்கும் பொறுப்பை நிர்வாகத்தின் தலையில் வைத்தன. பத்து என்ற எண் தெளிவாகவே இருந்தது. எதைப் பள்ளிக்கூடம் என்பது, யாரை ஆசிரியர் என்பது என்ற வரையறைதான் மெலிந்து கிடந்தது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணியோ கிராணியோ போதும் என்று ஆகிவிட்டது. சட்டம் கேட்டதைத் தோட்டம் கொடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேறு. மற்ற விதிகளெல்லாம் விடியற்காலைப் பெரட்டில் வாய்மொழியாகத்தான் வந்தன. துரை சொன்னதாகக் கிராணி சொல்வார், கிராணி சொன்னதாகக் கங்காணி சொல்வார், லயத்துக்கு வந்து சேரும்போது அது என்னவாக இருக்கும் என்று அவரவர் தாத்தாவைக் கேட்டால் தெரியும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. நூறு வருடங்களுக்கு மேலாகி, அதே மண்ணில் பத்து வயதுப் பிள்ளை சென்சாருக்கு நிரல் எழுதுகிறது. விதி மட்டும் இன்னும் யாரோ சொன்னதாக யாரோ சொல்லித்தான் வந்து சேர்கிறது.

இனி எங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலில், எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி செல்லும்? சுற்றறிக்கைகளில் ஏதோ ஒரு தொகுப்பின் பெயரைப் போட்டு “அல்லது அதற்கு இணையானது” என்று முடித்துவிடுகிறார்கள். எதற்கு எது இணை? எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றின் அலமாரியில் இருப்பது லெகோ ஈவி3. அது 2013-இல் வந்தது. 2021-இல் நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. அதன் இடத்துக்கு வந்தது ஸ்பைக் பிரைம். பழையதன் மோட்டாரையும் சென்சாரையும் புதியதில் செருக முடியாது, செருகும் முனையே வேறு. ஈவி3-இல் மோட்டாருக்கு நான்கு, சென்சாருக்கு நான்கு என எட்டு இணைப்புகள். ஸ்பைக்கில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறுதான். ஆகவே ஒரு போட்டிக்கான மேசையை வரைகிறவர் எதை மனத்தில் வைத்து வரைகிறார் என்பதைப் பொறுத்து ஒரு பள்ளிக்குச் சாதகமும் இன்னொரு பள்ளிக்குப் பாதகமும் வந்துவிடுகின்றன. ஈவி3 இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். “இந்த ஆண்டு செல்லும், அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்றால் எந்தத் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டுப் பணம் ஒதுக்கமாட்டார்.

இதோடு சேர்ந்தது மைக்ரோபிட், அர்டுயினோ வகைப் பலகைகள். பினாங்கிலுள்ள சைட்ரான் நிறுவனம் மாணவர்களுக்கென்றே செய்யும் மேக்கர் ஊனோ போன்ற உள்நாட்டுப் பலகைகளை லெகோவின் விலையில் சிறு பகுதிக்கு வாங்கிவிடலாம். “இணையானது” என்ற வரிக்குள் இவை வருமா? வருமென்றால் எங்கள் மன்றத்தில் ஒரு குழுவுக்குப் பதில் நான்கு குழு இயங்கும். வராதென்றாலும் பாதகமில்லை, அப்படியே எழுதிவிடுங்கள். இரண்டுங்கெட்டானாக விட்டுவிடுவதுதான் எங்களைச் சாகடிக்கிறது.

அடுத்தது புளூடூத். ஓட்டத்தின்போது கம்பியில்லாத் தொடர்பு எதுவும் இருக்கக்கூடாது என்ற விதி நியாயமானது. வெளியிலிருந்து யாரும் ரோபோவை ஓட்டக்கூடாதல்லவா. ஈவி3-க்குத் திரை உண்டு. மெனுவுக்குள் போய் அணைத்து, அணைத்ததை நடுவருக்குக் காட்டலாம். ஸ்பைக் பெட்டியில் திரையே கிடையாது, ஐந்துக்கு ஐந்து விளக்குப் புள்ளிகள்தான். அணைந்திருப்பதை நடுவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? ஒரு மேசையில் நடுவர் மடிக்கணினியில் இணைப்பு இல்லை என்பதைப் பார்த்து விட்டுவிடுகிறார். பக்கத்து மேசையில் வேறொரு நடுவர் பெட்டியை அணைத்து மறுபடி எரியவிடச் சொல்கிறார். இன்னொன்று: ஈவி3-இல் பைத்தான் எழுதும் பிள்ளைகளுக்கு மைக்ரோ எஸ்டி அட்டை செருகியே ஆகவேண்டும், அந்த மென்பொருளே அதில்தான் இருக்கிறது. அந்த அட்டையைக் கண்டதும் “நிரலைக் கடத்தி வந்திருக்கிறார்கள்” என்று சந்தேகப்பட்டால் நாங்கள் என்ன செய்வது? அட்டை எப்போது உள்ளே போகவேண்டும், எப்போதுவரை வெளியே எடுக்கக்கூடாது என்று ஒரு வரி எழுதினால் சந்தேகமே வராது.

அளவைப் பற்றியும் கேட்கவேண்டும். உலக ரோபோ ஒலிம்பியாட்டின் பணிப் போட்டியில் புறப்படும்போது ரோபோ 250 மில்லிமீட்டர் நீளம், அகலம், உயரத்துக்குள் அடங்கவேண்டும். புறப்பட்டபின் கையை நீட்டலாம், விரியலாம். இதைச் சொல்லிவிட்டு அந்த விதி இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: கம்பிகளும் அந்த அளவுக்குள் அடங்கவேண்டும். இதை எழுதியவர் எங்கோ ஒரு மேசையருகில் கம்பிக்காக நடந்த சண்டையைப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். நம் உள்ளூர்ச் சுற்றறிக்கை ஒன்றில் அளவு மட்டும் இருந்தது, கம்பி இல்லை. அளவுப் பெட்டிக்கு வெளியே துருத்திய கம்பியை ஒரு நடுவர் விரலால் உள்ளே தள்ளிவிட்டு “சரி, போ” என்றார். அடுத்த மேசையில் இருந்தவர் அதே மாதிரிக் கம்பிக்காக ஓர் அணியைத் திருப்பி அனுப்பினார். இருவரும் நல்லவர்கள், இருவரும் ஆசிரியர்கள், சனிக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்தவர்கள். விதிதான் அவர்களைக் கைவிட்டது.

“பொருளை வட்டத்துக்குள் வைக்கவேண்டும்” என்ற வரியும் அப்படித்தான். கோட்டின்மேல் பாதி நின்றால்? மேலிருந்து பார்க்கும்போது உள்ளே, பக்கத்திலிருந்து பார்க்கும்போது வெளியே என்றால்? பொருள் சாய்ந்து விழுந்து, ஆனால் வட்டத்துக்குள்ளேயே கிடந்தால்? ஒலிம்பியாட் விதியில் “முழுவதும் உள்ளே” என்றால் பொருள் அந்தப் பகுதியை மட்டுமே தொட்டிருக்கவேண்டும் என்று வரையறுத்து, கறுப்புக் கோடு அதில் சேராது என்பதையும் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். படம் முக்கியம். நான்காம் ஆண்டுப் பிள்ளை பத்தி பத்தியாக விதியைப் படிக்காது, படத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும்.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒரு குலை பழுத்ததா இல்லையா என்பதில் வெட்டியவருக்கும் மண்டோருக்கும் ஆலைக்கும் தகராறு வர எல்லா வாய்ப்பும் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்துச் சொன்னால் காலை வெயிலில் ஒரு தீர்ப்பு, மழை மூட்டத்தில் இன்னொரு தீர்ப்பு. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரம்பிரிப்புக் கையேடு நிறத்தோடு நிற்கவில்லை. பழம் உதிர்ந்த புதுக் குழிகள் குலையில் குறைந்தது பத்தாவது இருக்கவேண்டும் என்று எண் கொடுத்திருக்கிறது. ஆலையில் நானும் எண்ணலாம், மரத்தடியில் வெட்டியவரும் எண்ணலாம். லோரியில் ஏற்றுவதற்கு முன்பே தன் குலையின் கதி என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தகராறு அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இது புதுக் குழியா பழைய குழியா என்று இன்னமும் வாய்ச்சண்டை நடக்கத்தான் செய்கிறது. ஆனால் கையேட்டைத் திறந்ததும் அது முடிந்துவிடும். எங்கள் பிள்ளைகளும் பள்ளி மேசையிலேயே தங்கள் ரோபோவைத் தாங்களே தரம்பிரித்துப் பார்க்க வழி வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வயது விஷயத்தில் ஒரு சிக்கல் நமக்கே உரியது. 2022 முதல் சில ஆண்டுகள் நம் பள்ளி ஆண்டு மார்ச்சில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நீண்டது. அப்போது “ஆறாம் ஆண்டு மாணவர் வரை” என்று ஒரு சுற்றறிக்கையும் “12 வயது வரை” என்று இன்னொன்றும் வந்தால், ஜனவரியில் பிறந்த பிள்ளை ஒன்றில் உள்ளே, மற்றதில் வெளியே. ஒலிம்பியாட் இதற்கு ஒரே வரியில் முடிவு கட்டியிருக்கிறது: போட்டி நடக்கும் ஆண்டில் பிள்ளைக்கு எத்தனை வயது நிறைகிறதோ அதுதான் கணக்கு, போட்டி நாளன்று என்ன வயது என்பது இல்லை. தொடக்கப் பிரிவுக்கு 8 முதல் 12 வரை. அதையே இங்கும் எழுதிவிடலாம்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது சின்னப் பள்ளிகளைப் பற்றி. 150 மாணவர்களுக்குக் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. எங்கள் பக்கம் அந்த வகையில் வரும் தோட்டப் பள்ளிகள் நிறையவே உண்டு. தோட்டம் கைமாறி, குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய், செம்பனைக்கு நடுவில் பள்ளி மட்டும் நிற்கும். அப்படியொரு பள்ளியில் ரோபோட்டிக்கில் மனம் வைத்த பிள்ளை ஒன்று இருக்கும். சில கிலோமீட்டர் தள்ளி அடுத்த தோட்டத்துப் பள்ளியில் இன்னொன்று இருக்கும். அங்கே தொகுப்பு உண்டு, இங்கே சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் உண்டு. இரண்டும் சேர்ந்து ஓர் அணியாகப் பெயர் கொடுக்கலாமா? எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்குப் பதில் இல்லை. பதிவுப் படிவத்தில் பள்ளியின் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதை வைத்து “முடியாது போலிருக்கிறது” என்று நாங்களே முடிவு செய்துகொண்டு விட்டுவிடுகிறோம். படிவத்தை அச்சடித்தவர் இப்படியொரு கேள்வி வரும் என்று நினைத்தே பார்த்திருக்கமாட்டார். ஒரு கட்டம் குறைந்ததால் எத்தனை பிள்ளைகள் வராமலே போயிருப்பார்கள் என்று யாரும் எண்ணப்போவதில்லை. சேரலாம் என்றால் புறப்பாட மதிப்பெண் இரு பள்ளிப் பிள்ளைகளுக்கும் எப்படிப் பதிவாகும், பொறுப்பாசிரியர் யார், வென்றால் அடுத்த நிலைக்கு எந்தப் பள்ளியின் பெயரில் போவார்கள் என்பதையும் சேர்த்து எழுதவேண்டியிருக்கும். வேலைதான். ஆனாலும் நீங்கள் செய்யவேண்டிய வேலை என்றே நினைக்கிறேன்.

பயிற்சியாளர் எதுவரை உதவலாம் என்பது தொட்டால் கையைச் சுடும் விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களத்துக்குள் பெரியவர்கள் கைவைக்கக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. களத்துக்கு வருமுன் நடப்பதுதான் கேள்வி. கட்டணம் வாங்கும் பயிற்சி மையம் செய்து கொடுத்த ரோபோவும் நிரலும் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளின் பெயரில் வந்தால் என்ன செய்வீர்கள்? அடுத்தவர் செய்ததையோ விலைக்கு வாங்கியதையோ தன்னுடையதாகக் கொண்டுவரும் அணியை விசாரிக்கவும் நீக்கவும் ஒலிம்பியாட் விதியில் இடமுண்டு. உள்ளூர் விதியிலும் அது இருக்கட்டும். கூடவே எப்படி விசாரிப்பார்கள் என்பதும் இருக்கட்டும். இல்லையென்றால் நன்றாகச் செய்த சின்னப் பள்ளியின் பிள்ளையைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். பிள்ளையிடமே இரண்டு நிமிடம் பேசி, நிரலில் ஓர் எண்ணை மாற்றிக் காட்டச் சொன்னால் போதும், உண்மை வெளிவந்துவிடும்.

ரோபோவைப் பிரித்து எடுத்து வரவேண்டுமா, கட்டியே கொண்டுவரலாமா என்பதையும் சொல்லுங்கள். ஒலிம்பியாட் விதிகளின் பழைய பதிப்புகளில், கட்டும் நேரம் தொடங்கும்வரை சக்கரத்தில் டயரைக்கூட மாட்டியிருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. “உதிரிகளாக” என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

போட்டியன்று காலையில் வெளியாகும் திடீர் விதி வேறு இருக்கிறது. அது தேவைதான், மனப்பாடம் செய்த ரோபோவை அதுதான் பிடிக்கும். ஆனால் அதை ஒலிபெருக்கியில் ஒருமுறை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுப் போய்விடாதீர்கள். மண்டபத்தின் எதிரொலியில் பெரியவர்களுக்கே பாதி புரிவதில்லை. மலாயில் எழுத்தில், படத்தோடு, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தாள் கொடுத்தால் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, கம்போங் பள்ளி என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்கலாம். தமிழிலும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டோம்.

எத்தனை எழுதினாலும் எழுதாத ஒன்று களத்தில் நடக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு விதி வேண்டும். ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில், நடுவருக்கே முடிவெடுக்கக் கடினமாக இருந்து, எழுதிய விதியிலும் தெளிவான பதில் இல்லையென்றால் சந்தேகத்தின் பலனை அணிக்கே கொடுக்கவேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. வேறு சில போட்டிகளில் நேர்மாறாக, ஐயம் வந்தால் குறைந்த புள்ளி என்று வைத்ததும் உண்டு. என்னைக் கேட்டால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலாவதுதான் பொருந்தும். ஆனால் இரண்டில் எது என்பதைவிட, எல்லா மேசையிலும் ஒன்றே நடக்கிறதா என்பதுதான் எனக்குப் பெரிது. புள்ளித் தாளில் கையெழுத்துப் போடுவதும் இதோடு சேர்ந்ததே. பத்து வயதுப் பிள்ளை ஒரு பெரியவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாமல் இருக்குமா? நம் வளர்ப்பு அப்படி. “உனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லையென்றால் போடாதே, கையைத் தூக்கு, தலைமை நடுவர் வருவார்” என்று தாளைக் கொடுக்கும்போதே சொல்ல நடுவர்களைப் பழக்குங்கள்.

நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. உலக ரோபோ ஒலிம்பியாட் ஒவ்வொரு பருவத்துக்கும் தேதியிட்ட விதிநூலை வெளியிட்டு, சென்ற ஆண்டிலிருந்து எது மாறியது என்பதைத் தொடக்கத்திலேயே காட்டுகிறது. பருவத்தின் நடுவில் வரும் கேள்விகளுக்கான பதில்களைப் பொதுவில் வைக்கிறது. அந்தப் பதில்கள் விதியின் பகுதியாகவே கருதப்படும் என்றும் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு நாட்டு ஏற்பாட்டாளரும் உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப விதியை மாற்றிக்கொள்ளலாம், அணிகள் தங்கள் நாட்டு ஏற்பாட்டாளர் தரும் விதியையே பின்பற்றவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மாற்றும் உரிமை உங்களிடம் இருந்தால், மாற்றியதை எழுதிக் காட்டும் கடமையும் உங்களிடம்தான். இல்லாவிட்டால் எங்கள் ஆசிரியர் இரவில் உட்கார்ந்து உலக விதிநூலைப் படித்துவிட்டு வருவார், களத்தில் “அது அங்கே, இது இங்கே” என்ற பதில் கிடைக்கும்.

மலேசியாவுக்கு இதில் அனுபவம் இல்லாமலும் இல்லை. 2006-இல் ஏபியு ரோபோகான் கோலாலம்பூரில் நடந்தது. 2012-இல் உலக ரோபோ ஒலிம்பியாட்டின் இறுதிச் சுற்றும் அங்கேதான். வெளிநாட்டு அணிகளுக்கு நாம் கொடுத்த தெளிவை, அங்கிருந்து அதிக தூரமில்லாத தோட்டப் பள்ளிக்கும் கொடுக்க முடியும். (திறப்புவிழாவில் நான்காம் தொழிற்புரட்சியைப் பற்றி அரைமணி நேரம் பேசும் பிரமுகர்களிடம், அதில் பத்து நிமிடத்தை விதி விளக்கத்துக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னால் கேட்பார்களா என்பது வேறு கதை.)

நாங்கள் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். பதிவு தொடங்கும் நாளிலேயே விதிநூல் முழுமையாக வரட்டும், அதில் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். கேள்வி கேட்க ஒரே ஒரு இடம் இருக்கட்டும்; அங்கே யார் கேட்டாலும் பதில் எல்லாருக்கும் தெரியும்படி வரட்டும். தனிக் கைப்பேசியில் கேட்பவரிடம் “அங்கே கேளுங்கள்” என்று அன்போடு சொல்லி அனுப்பிவிடுங்கள், உங்களுக்கும் தொல்லை குறையும். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விதியைப் பூட்டிவிடுங்கள், அதற்குப்பின் எந்த மாற்றமும் வேண்டாம். வாரத்தில் ஒரே ஒரு மதியம்தான் எங்கள் பள்ளியில் புறப்பாடத்துக்குக் கிடைக்கிறது. இரண்டு வாரம் என்பது எங்களுக்கு இரண்டே பயிற்சி. களத்தில் இறங்குமுன் நடுவர்கள் எல்லாரும் ஒருமுறை ஒன்றாகக் கூடி, அந்தக் கேள்வி பதில்களைப் படித்துவிட்டு வரட்டும்.

சபாக் பெர்ணத்திலிருந்து ஷா ஆலாமுக்குச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். காலை எட்டு மணிப் பதிவுக்கு வரும் பிள்ளை இருட்டிலேயே எழுந்து, குளித்து, வேனில் தூங்கி வழிந்துகொண்டு வருகிறது. அது தோற்றுத் திரும்பினால் எங்களுக்கு வருத்தமில்லை. நன்றாகச் செய்தவரிடம் தோற்பதும் ஒரு பாடம்தான், அதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குத் தெரியும். ஏன் தோற்றோம் என்று வேனில் அது கேட்கும்போது, விதிநூலின் பக்கத்தைத் திறந்து காட்ட எங்களுக்கு ஒரு வரி வேண்டும்.

மேலே கேட்டவற்றையெல்லாம் மலாயில் எழுதி, மாவட்டக் கல்வி இலாகா வழியாக உங்கள் செயலகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம். பதில் மலாயில் வந்தாலும் ஆங்கிலத்தில் வந்தாலும் சரி. தமிழில் பெயர்த்து, படங்களோடு, இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைப் பெற்றோர்களான நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த தவணைப் பள்ளி விடுமுறைக்கு முன்பாகக் கிடைத்தால், எந்தத் தொகுப்பு வாங்குவது என்று சங்கக் கூட்டத்தில் முடிவெடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ரோபோட்டிக் மன்றப் பெற்றோர்களில் ஒருவன்,
கோலசிலாங்கூர்.